வேலைக்கும் போய், ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளை: தத்தா, பராமரிப்பா, மாதக் காசா?

திருகோணமலையில் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, ஏற்கனவே ஒரு பிள்ளை. இந்த நிலையில் ஆதரவு தேவைப்படும் இன்னொருவர் பிள்ளையையும் பொறுப்பெடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கணக்குப் பார்க்க வேண்டியது பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுவதற்கும் நீங்கள் கந்தோரால் வீடு வருவதற்கும் இடையில் உள்ள நேரத்தைத்தான். கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ போய் வருகிறவர் என்றால் அது இன்னும் நீளும். மனசு இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை, யாரும் திரும்பக் கேட்டு வரமாட்டார்கள் என்ற நிம்மதி இருக்கிறது. 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி உங்களுக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையை விடக் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும், பத்து வயது தாண்டிய பிள்ளை என்றால் அதன் சம்மதமும் வேண்டும். ஆனால் கேட்கிறவர்களில் அனேகம் பேர் கைக்குழந்தையே கேட்பதால் காத்திருப்பு நீளம். கிடைத்தாலும் பகலில் யார் பார்ப்பது? அம்மம்மா பக்கத்து வளவில் இருக்கிறா என்றால் சரி, இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு இப்போதைக்குச் சரிவராது.

பராமரிப்புப் பெற்றோர், அதாவது பிள்ளை தன் வீட்டுக்குத் திரும்பும் வரை வளர்ப்பவர், என்பது வேறு கதை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைத் தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். பள்ளிக்கூட வயதுப் பிள்ளை என்றால் காலையில் உங்கள் பிள்ளையோடு ஒரே பள்ளிக்கூட வானில் போய் வரும், பின்னேரம் ஒரே ரியூஷன், வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய வசதி. வசதியில்லாதது, பிள்ளையைப் பார்க்க நன்னடத்தை உத்தியோகத்தர் வருவதும் நீதிமன்றத் தவணையும் வேலை நாளில்தான் இருக்கும், அரை நாள் லீவுக்கு மேலதிகாரியிடம் இப்போதே பேசி வையுங்கள்.

அதை விடக் கஷ்டம் வீட்டுக்குள். உப்புவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வந்த பிள்ளை அரை றாத்தல் பாணை ஷொப்பிங் பையில் சுற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் படுக்கும். அந்த வீட்டுப் பிள்ளைக்கோ, மீன் துண்டு பெரிதாக யாருக்கு விழுந்தது என்பதுதான் கவலை. இரண்டுக்கும் பொறுமை வேண்டும், அதுவும் வேலை முடிந்து களைத்து வந்த பிறகு. அப்புறம், குவைத்துக்குப் போன தாய் திரும்பி வந்து பிள்ளையைக் கேட்டு, நீதிமன்றமும் சம்மதித்தால் கொடுக்கத்தான் வேண்டும், அதற்குத்தானே இந்த ஏற்பாடே. இதைத் தாங்கமாட்டேன் என்பவர் பேசாமல் தத்து வரிசையில் நிற்பது நல்லது.

சொந்தத்துப் பிள்ளையை வளர்ப்பது நமக்குப் புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளில் கனபேரை மாமி, சித்தி, பெரியம்மா வீடுகள்தான் எடுத்தன, 2005இல் வந்த சுனாமிச் சிறப்புச் சட்டத்தில் அதற்கும் இடம் இருந்தது. பிள்ளைக்கு முகம் தெரிந்த வீடு, பழகிய கறி, அதனால் என் கணக்கில் இதுதான் பிள்ளைக்கு மிகச் சுகமான வழி. ஆனால் "சொந்தத்துக்குள்ளே கடுதாசி எதற்கு" என்று விடுகிறோமே, அது பிழை. பள்ளிக்கூட அனுமதிக்கும் ஆஸ்பத்திரிக் கையெழுத்துக்கும் அலைய வேண்டி வரும். தங்கச்சியின் பிள்ளையானாலும் நீதிமன்றக் கட்டளை எடுங்கள்.

மாதக் காசு கொடுக்கும் வழியைக் குறைவாக நினைக்க வேண்டாம். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தின் செவன சரண திட்டத்தில் ஒரு பிள்ளையின் செலவுக்கு நீங்கள் மாதாமாதம் காசு கட்டுவீர்கள், பிள்ளை தன் வீட்டிலேயே இருக்கும். நம் சிறுவர் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைதான் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது. அப்படியிருக்க, ஒரு பிள்ளையை அங்கே போகாமல் தடுப்பது சின்ன விஷயமா?

என்னைக் கேட்டால், உங்கள் பிள்ளை சின்னதாக இருக்கும் வரை மாதக் காசு. அது நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வந்து, வீட்டில் ஒருவராவது மூன்று மணிக்குள் வருவீர்கள் என்றால், அதை விட இளைய, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பராமரிப்பு. எதுவென்றாலும் சிறுவர் இல்லத்துக்கு நேரே போய்ப் பிள்ளை கேட்காதீர்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் போங்கள், போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.