விண்டோஸ் 11, பழைய மேக், லினக்ஸ் மின்ட்: மதுரை டவுன்ஹால் ரோட்டு மாடியிலிருந்து ஒரு வெப் டிசைனர் கணக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் முழுக்குப் போட்டுவிட்டது. என் லேப்டாப்பில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர். விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப். மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்தான். ஆனால் அது அடகு நகைக்கு வட்டி கட்டித் தவணை தள்ளுகிற வேலை.

எங்கள் மாடியில் இதே தொழிலில் மூன்று பேர் இருக்கிறோம். ஒருவர் கடன் வாங்கிப் புது விண்டோஸ் 11 லேப்டாப் எடுத்தார். இன்னொருவர் ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 போட்ட, கைமாறிய மேக்புக் வாங்கினார். நான் பழைய லேப்டாப்புக்கே வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் மின்ட் 22 ஏற்றினேன். ஆளுக்கொரு பக்கம் போனதால் பக்கத்து நாற்காலியை எட்டிப் பார்த்தே ஒப்பிட முடிந்தது.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து

புதுமண்டபம் பக்கம் ஒரு சுங்குடிக் கடைக்கு விண்டோஸில் சைட் செய்து கொடுத்திருந்தேன். என் மெஷினில் எல்லாப் படமும் அழகாக வந்தது. ஹோஸ்டிங்கில், அதாவது சைட்டை இணையத்தில் காட்டும் வாடகை சர்வரில் ஏற்றிய அன்று சாயங்காலமே கடைக்காரர் போன்: "என்ன தம்பி, பத்துச் சேலைல ஆறைக் காணம்?"

கேமராவிலிருந்து வந்த கோப்புப் பெயரின் கடைசியில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருந்தது. நான் கோடில் சின்ன எழுத்தில் அடித்திருந்தேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். மேக்கும் வழக்கமான அமைப்பில் அப்படித்தான். ஹோஸ்டிங் சர்வர்களோ பெரும்பாலும் லினக்ஸ். அதற்கு அவை இரண்டும் வேறு வேறு கோப்பு.

மின்டுக்கு வந்த முதல் வாரம் என் பழைய சைட் ஒவ்வொன்றும் இதே மாதிரி பல்லிளித்தது. எரிச்சல்தான். ஆனால் தப்பு என் மேசையிலேயே தெரிந்துவிடுகிறது, கடைக்காரர் போன் பண்ணித் தெரிய வேண்டியதில்லை. என் கணக்கில் லினக்ஸுக்கு முதல் மார்க் இதற்குத்தான். மேக்காரர் இன்னமும் இதே தப்பைச் செய்துகொண்டிருக்கிறார்.

சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் பக்கம் வந்தால், அதற்கு வேண்டிய சர்வர் மென்பொருள்களை ஒரே மூட்டையாகத் தரும் ஸாம்பை விண்டோஸில் போட்ட அஞ்சு நிமிஷத்தில் எல்லாம் ஓடும். மின்டில் அப்பாச்சி, பிஎச்பி, மரியாடிபி எல்லாம் தனித்தனியாகப் போட்டேன். முகப்புப் பக்கம் வந்தது, உள்பக்கம் எதைத் தட்டினாலும் 404, பக்கம் இல்லை என்ற பிழை. பக்க முகவரிகளைத் திருப்பிவிடும் அப்பாச்சியின் ரீரைட் மாட்யூலை நாமே திறந்துவிட வேண்டும், சைட் இருக்கும் கோப்புறையில் எச்டிஆக்ஸஸ் என்ற அமைப்புக் கோப்பை மதிக்கச் சொல்லவும் வேண்டும். ஸாம்பில் இரண்டும் ஏற்கெனவே திறந்திருக்கும் என்பதால் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. பிறகு படம் ஏற்ற முடியவில்லை, கோப்புறை யார் பெயரில் இருக்கிறது என்ற உரிமைப் பஞ்சாயத்து. ரெண்டு ராத்திரி போனது. ஆனால் இப்போது ஹோஸ்டிங்கில் கோப்பு உரிமையைக் குறிக்கும் 755, 644 என்ற எண்களைப் பார்த்தால் கை நடுங்குவதில்லை.

விண்டோஸ் 11 நண்பர் நடுவழி பிடித்தார். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி மூலம் உபுண்டு என்ற லினக்ஸை ஓட்டுகிறார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதலில் வேலைக் கோப்புகளை சி டிரைவிலேயே வைத்துக்கொண்டு உபுண்டுவிலிருந்து எட்டி எடுத்தார். பேக்கேஜ் நிறுவச் சொல்லிவிட்டுக் கீழே போய் ஒரு பருத்திப்பால் குடித்துவிட்டு வரலாம், அத்தனை மெதுவு. லினக்ஸ் பக்கத்துக் கோப்புறைக்கே மாற்றிய பிறகு வேகம் வந்தது. பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பிரச்சினையும் அங்கேயே பிடிபட்டது.

தமிழ் எழுத்துரு

சைட்டின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோடில் எழுத்துருவுக்கு லதா அல்லது நிர்மலா என்று மட்டும் எழுதிப் பழகியவன் நான். நிர்மலா விண்டோஸோடு வருவது. லதாவையே விண்டோஸ் 10-இல் கூடுதல் எழுத்துருவாகத்தான் சேர்க்க வேண்டும். மின்டில் இரண்டும் கிடையாது, நோட்டோ சான்ஸ் தமிழோ லோகித் தமிழோ வந்து உட்காரும். மேக்கில் தமிழ் சங்கம் எம்என். மூன்றுக்கும் அகலம் வேறு, உயரம் வேறு.

சுங்குடிக் கடை மெனுவில் "எங்களைத் தொடர்புகொள்ள" என்று ஒரு பொத்தான். விண்டோஸில் ஒரே வரி. மின்டில் "கொள்ள" தனியாக இறங்கி அடுத்த வரியில் நின்றது. மேக்கில் ஒரு வரியில்தான் வந்தது, ஆனால் தலைப்பில் "கீ" என்ற எழுத்தின் மேல் சுழி வெட்டுப்பட்டது. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த வரி உயரம் தமிழுக்குப் போதவில்லை. ஒரே மெஷினில் உட்கார்ந்திருந்தால் மூன்றில் ஒன்றைத்தான் பார்த்திருப்பேன்.

வழி ஒன்றுதான், எழுத்துருவைச் சைட்டோடே அனுப்புவது. கூகுள் ஃபான்ட்ஸில் கேடமரன், முக்த மலார், நோட்டோ எல்லாம் இருக்கின்றன. நம்ம ஊர் பெயரிலேயே ஹிந்த் மதுரை என்று ஒன்று உண்டு. அதைத்தான் போட்டேன். கடைக்காரரிடம் பெயரைச் சொன்னதும் பில்லில் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

தட்டச்சில் மேக் முந்துகிறது. தமிழ்99, அஞ்சல் என்ற விசைப்பலகை முறைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸிலும் இப்போது அவை வந்துவிட்டன, ஆனால் விண்டோஸ் நண்பரின் கை என்எச்எம் ரைட்டர் என்ற பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை விட மாட்டேன் என்கிறது. அந்த மென்பொருள் லினக்ஸுக்கு இல்லை. மின்டில் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு உதவி மென்பொருள்கள் இரண்டையும் போட்டால் தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு மூன்றும் கிடைக்கும். தமிழ்99 அடிப்பவர்களுக்கு எங்கே போனாலும் கவலையில்லை. டைப்ரைட்டர் கற்றவர்களுக்கு ஓரிரு எழுத்து அங்கிட்டு இங்கிட்டு இடம் மாறியிருக்கும், ஒரு வாரம் தடுமாறும்.

லினக்ஸ் தோற்கிற இடம்

இதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. ஃபோட்டோஷாப் லினக்ஸுக்குக் கிடையாது. கோரல் ட்ரா கிடையாது. மதுரையில் வெப் டிசைனர் என்று போர்டு வைத்தால் விசிட்டிங் கார்டும் கல்யாணப் பத்திரிகையும் சேர்ந்தே வரும். அச்சகமோ, அது சிவகாசியோ மேலமாசி வீதியோ, கேட்பது கோரல் ட்ராவின் சிடிஆர் கோப்பு. லினக்ஸில் ஓடும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் சில சிடிஆர்களைத் திறக்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பத்திரிகையைத் திறந்தால் மணமகன் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும், எழுத்துருவையும் தேடிப் பிடித்துப் போட்டால்தான் படிக்கலாம்.

வாடிக்கையாளர் அனுப்பும் ஃபோட்டோஷாப் கோப்பான பிஎஸ்டியைப் பிரவுசரில் ஃபோட்டோபீயா என்ற சைட் திறந்துவிடுகிறது. அதோடு ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளின் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது, பழையதைவிட எவ்வளவோ தேவலை. சைட்டுக்குப் படம் வெட்ட இவை போதும். அச்சுக்கு வண்ணம் பிரித்துக் கொடுக்க நான் இவற்றை நம்ப மாட்டேன். சைட் வடிவமைக்கும் ஃபிக்மா பிரவுசரிலேயே ஓடுகிறது, ஆனால் மெஷினில் போட்டிருக்கும் நம் தமிழ் எழுத்துருவை அதற்குள் காட்டும் அதிகாரப்பூர்வ உதவி மென்பொருள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும்தான்.

சஃபாரி

ஐபோனிலும் வரும் இந்த ஆப்பிள் பிரவுசர், கம்ப்யூட்டர்களில் மேக்கின் தனிச்சொத்து. விண்டோஸுக்கான சஃபாரியை ஆப்பிள் 2012-லேயே நிறுத்திவிட்டது. லினக்ஸில் குனோம் வெப் பிரவுசர் சஃபாரியின் அதே வெப்கிட் வகை எஞ்சினில் ஓடுவதால் பாதிப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். மீதிப் பாதிக்கு நான் பக்கத்து மொபைல் கடைத் தம்பியின் ஐபோனைக் கடன் கேட்கிறேன்.

மேக் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. மலிவாகக் கிடைக்கிறதென்று இன்டெல் சிப் போட்ட பழைய மேக்கில் கை வைக்காதீர்கள், மேக்ஓஎஸ் 26-தான் அவற்றுக்குக் கடைசிப் பதிப்பு. எம்1-இலோ மேக்கில் விண்டோஸ் ஏற்ற உதவும் பூட்கேம்ப் கிடையாது, அதனால் விண்டோஸைத் தனியாக ஏற்றலாம் என்ற நினைப்பும் வேண்டாம். விரல் பழக்கம் வேறு. காப்பிக்குக் கன்ட்ரோல் அழுத்திப் பழகிய நண்பர் ஒரு மாசம் கமாண்ட் பட்டனோடு சண்டை போட்டார்.

யாருக்கு எது

கோட் எழுதுவது முக்கால், படம் கால் என்றால் மின்ட். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்திரிகை, ஃப்ளெக்ஸ் எல்லாம் வாடகை கட்டுகிற ஆளுக்கு விண்டோஸ் 11, உள்ளே டபிள்யூஎஸ்எல். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஐபோனில் பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்புவார் என்றால் மேக்.

நான் மின்டுக்குப் பக்கத்திலேயே பழைய விண்டோஸ் 10-ஐ டிஸ்கின் ஒரு பகுதியில் விட்டுவைத்திருக்கிறேன், சிடிஆர் வந்தால் திறக்க மட்டும், அதுவும் வைஃபையை அணைத்துவிட்டு. அப்படி வைப்பவர்கள், விண்டோஸை முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் விடும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்திவிடுங்கள். நிறுத்தாவிட்டால் மின்டிலிருந்து அந்தப் பகுதியைப் படிக்கலாம், எழுத விடாது. காலையில் பத்திரிகை கொடுக்க வேண்டிய ராத்திரியில்தான் எனக்கு அது தெரிந்தது.