பேரிடர் நேரத்துச் செயற்கைக்கோள் படம்: சர்வதேச சாசனமா, சென்டினல் ஆசியாவா?

விண்வெளி மற்றும் பெரும் பேரிடர்களுக்கான சர்வதேச சாசனம், பேரிடர் நேரத்தில் செயற்கைக்கோள் படங்களைத் தர விண்வெளி முகமைகள் செய்துகொண்ட ஒப்பந்தம்; 2000 முதல் இயங்குகிறது. ஐரோப்பிய, பிரெஞ்சு விண்வெளி முகமைகள் தொடங்கியது; இஸ்ரோ 2001-இல் சேர்ந்தது. ஒரே அழைப்பில் பல நாட்டுச் செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். அதில் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடாரும் உண்டு என்பதுதான் முக்கியம். மழை மேகம் மூடிக்கிடக்கும்போது சாதாரணக் கேமரா என்னத்தைப் பார்க்கும்? 2004 சுனாமிக்கும் இதை அழைத்தார்கள். ஆனால் அவசரக் கட்டத்தோடு சரி. மறுசீரமைப்புக்கு இதை நம்ப முடியாது.

ஜப்பானின் விண்வெளி முகமையான ஜாக்ஸா முன்னின்று 2005-இல் உருவான சென்டினல் ஆசியா, ஆசிய பசிபிக் பகுதிக்கான இதேபோன்ற ஏற்பாடு. கோரிக்கை ஜப்பானின் கோபே நகரிலுள்ள ஆசியப் பேரிடர் குறைப்பு மையத்துக்குப் போகும். செயற்கைக்கோள்கள் குறைவுதான். தேவைப்பட்டால் அந்த மையமே சாசனத்துக்கும் கோரிக்கையை அனுப்பும். அதனால் ஆசியாவின் சிறிய நாடு என்றால், முதலில் கோபேயைக் கேட்பதே நல்லது என்பேன்.