வெள்ளி அடைப்பா, வெள்ளை அடைப்பா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கீழ்க் கடைவாய்ப்பல்லில் சூத்தை விழுந்தபோது, வெள்ளவத்தையில் நான் வழமையாகப் போகும் பல் வைத்தியர் பாதரசம் கலந்த உலோக வெள்ளி அடைப்பு, பிசின் கலவையாலான வெள்ளை அடைப்பு ஆகிய இரண்டையும் விளக்கி, தெரிவை என்னிடமே விட்டார். நான் வெள்ளை அடைப்பைத் தெரிவுசெய்தேன். மேல் வரிசையில் பாடசாலைக் காலத்து வெள்ளி அடைப்பு ஒன்று இன்றும் அசையாமல் இருப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

வெள்ளி அடைப்பு மலிவானது, ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், கடிக்கும் பாரத்தை நெடுங்காலம் தாங்கும். வெள்ளை அடைப்பு பல்லின் நிறத்தோடு ஒன்றிவிடும் என்றாலும், எச்சில் படாமல் பல்லை உலர்த்தி, அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியில் இறுகச் செய்ய வேண்டியிருப்பதால் நேரமும் செலவும் கூடும். ஓரத்தில் மறுபடி சூத்தை பிடிக்கும் வாய்ப்பும் அதற்கே அதிகம்.

இவ்வளவுக்குப் பிறகும் என்னை மறுபக்கம் சாய வைத்தது பாதரசம். வெள்ளி அடைப்பின் நிறையில் ஏறத்தாழப் பாதி அதுதான்; மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. மெல்லும்போதும் பற்களை நெறுமும்போதும் மிகச் சிறிதளவு ஆவி வெளியேறுகிறது. பெரும்பாலானோருக்கு அது தீங்கு செய்வதாக நிறுவப்படவில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கு இதைத் தவிர்க்க, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2022இல் இணங்கின. என் உடல்நலத்தை மட்டும் எண்ணியிருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

வைத்தியர் அன்று பழைய அடைப்பின் ஓரத்தையும் சீர்செய்தார். வாய் கொப்பளித்த நீரோடு சாம்பல் நிறத் துகள்கள் கிண்ணத்தின் துளைக்குள் சுழன்று இறங்கின. துகள்களைப் பிடித்து வைக்கும் பொறி இல்லாத இடத்தில் அவை வடிகாலுக்கே போகும். கொழும்பின் கழிவுநீரோ நெடுங்காலமாக வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலில் விடப்பட்டு வந்திருக்கிறது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதைல் பாதரசம் என்ற அதிக நச்சு வடிவமாக மாற்ற, அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போகச் செறிந்து, சுறாவாகவும் தளப்பத்தாகவும் நம் கறிச்சட்டிக்கு வருகிறது. அடைப்புள்ள உடலைத் தகனம் செய்யும்போதும் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. என் ஒரு பல்லின் பங்கு மிகச் சிறிதுதான். ஆனாலும் அதைக் கூட்ட எனக்கு மனம் வரவில்லை.

மேலே உள்ள பழைய அடைப்பை நான் எடுக்கவில்லை. பழுதில்லாததைத் துளைத்து எடுக்கும்போதுதான் ஆவியும் துகளும் அதிகம் வெளிவரும் என்று வைத்தியரும் தடுத்தார். வெள்ளை அடைப்புக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. பத்து ஆண்டு தாங்குமா என்று சொல்ல என் அனுபவம் போதாது. பழையது தானாக உடையும் நாளில், கதிரையில் சாய்வதற்கு முன், அந்தக் கிண்ணத்தின் கீழே பொறி இருக்கிறதா என்று கேட்பேன்.