பிளக்கைப் பார்த்து இன்ஜினுக்குச் சான்றிதழ்: நாகர்கோவிலில் பழைய கார் சோதனை எப்படி?

பழைய பெட்ரோல் கார் வாங்குகிறவர்களுக்காக நாகர்கோவில், மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்களில் ‘இன்ஜின் செக்’ செய்து தருகிறார்கள். அதில் பாதி வேலை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதுதான். பார்வதிபுரம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் சோதனையை வைத்து இதை எழுதுகிறோம். குறை ஒரு கடையோடு நிற்பதில்லை என்பதால் பெயர் வேண்டாம்.

கழற்றும் கை சுத்தமான கை. இன்ஜின் ஆறும்வரை பிளக் ஸ்பேனரைத் தொடுவதில்லை. அலுமினிய ஹெட் (பிளக் திருகியிருக்கும் சிலிண்டர் மூடி) சூடாக இருக்கும்போது முறுக்கினால் மரை பிய்ந்து வரும் என்பது தெரிந்திருக்கிறது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை எடுத்ததும் பிளக் குழிக்குள் காற்றடிக்கிறார்கள். மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கம் ஓடிய வண்டிக்கு இது கட்டாயம். அந்தக் கடற்கரை மணலில் கார்னெட் உண்டு, உப்புத்தாளில் ஒட்டுகிற அதே சரக்கு. நாலு பொடி உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் சுவரில் கீறல்தான். கழற்றிய நான்கு பிளக்கையும் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் குத்தி, 1, 2, 3, 4 என்று எழுதி வைக்கிறார்கள். நம்பர் போடாமல் தட்டில் கொட்டிவிட்டால் பிறகு பார்க்க ஒன்றுமில்லை.

தவறு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஏசி, பவர் ஸ்டீயரிங் எல்லாம் பார்க்கிறோம் என்று அரைமணி நேரம் வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிட்டு, அதன்பின் பிளக்கைக் கழற்றுகிறார்கள். இப்படி ஐடிலில் ஓடும்போது பிளக் மூக்கு, அதாவது சிலிண்டருக்குள் நீட்டும் பீங்கான் நுனி, போதுமான அளவு சூடேறாது. ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வடசேரிக்கும் கோட்டாறுக்கும் மட்டுமே ஓடுகிற காரின் பிளக் கறுத்திருப்பதும் இதனால்தான். நல்ல இன்ஜினும் கெட்ட பேர் வாங்கும். ஆரல்வாய்மொழி வரை டாப் கியரில் ஒரே சீராகப் போய்த் திரும்பி, வந்ததும் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது நிறம். பீங்கான் மூக்கு லேசாக வறுத்த முந்திரிப் பருப்பு நிறத்தில் இருந்தால் ‘குட்’, வெளுத்திருந்தால் ‘லீன்’ (பெட்ரோல் குறைவு), கறுத்திருந்தால் ‘ரிச்’ (பெட்ரோல் அதிகம்) என்று எழுதித் தருகிறார்கள். கார்புரேட்டர் காலத்துக்கு இது சரி. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு ஈசியு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) காற்று-பெட்ரோல் கலவையை ஓயாமல் திருத்துகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் கரியும் குறைவாகவே விடும். நான்கும் ஒன்றுபோல வெளிறியிருந்தால் அதற்காக வண்டியைத் தள்ள வேண்டியதில்லை. பயப்பட வேண்டிய வெள்ளை வேறு: மூக்கில் கொப்புளம், கண்ணாடிபோல் பளபளப்பு, தேய்ந்துபோன எலக்ட்ரோடு, மிளகுத்தூள் தூவினதுபோல் அலுமினியப் பொட்டுகள். அலுமினியப் பொட்டு என்றால் பிஸ்டன் தலை உருகத் தொடங்கியிருக்கிறது.

ஒரு பிளக்கை மற்ற மூன்றோடு ஒப்பிடுவதில்தான் இந்தச் சோதனையின் பலனே இருக்கிறது. உதாரணமாக, அட்டையில் 1, 2, 4 முந்திரி நிறம். 3 மட்டும் ஈரக் கறுப்பு, விரலால் தொட்டால் பிசுபிசுப்பு, மோந்தால் பெட்ரோல் வாடை இல்லை. அது ஆயில். மூன்றாவது சிலிண்டரில் வால்வ் சீல் அல்லது பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டிலும், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போதும் நீலப் புகை வந்தால் வால்வ் சீல் பக்கம் பார்க்கணும். ஏற்றத்தில் இழுக்கும்போதே புகைந்தால் ரிங். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

ஈரத்தில் பெட்ரோல் வாடை அடித்தால் பெரும்பாலும் அந்தச் சிலிண்டரில் பொறி விழவில்லை. காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றினால் மிஸ்ஸிங்கும் கூடவே போகிறதா என்று பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. ஒன்று மட்டும் ஆவியில் கழுவினதுபோல் பளிச்சென்று இருந்தால் அதுதான் ஆகக் கெட்ட சேதி. ஹெட் கேஸ்கட் வழியாகக் கூலன்ட் உள்ளே போகிறது.

இந்த ஒர்க்‌ஷாப் சறுக்குவது பீங்கானின் வெளிப்பக்கத்தில். இரும்பு உடம்புக்கு மேலே, பீங்கானைச் சுற்றி வருகிற பழுப்பு வளையத்தை ‘கேஸ் லீக்’ என்று எழுதுகிறார்கள். அது லீக் அல்ல. உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறை, கெடுதல் ஏதும் இல்லை. மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புக் கோடு இருந்தால் மட்டும் பிளக்கையும் அதன்மேல் மாட்டும் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்றணும். பிளக் குழிக்குள் ஆயில் நின்றால் அந்தக் குழாயின் சீலோ வால்வ் கவர் கேஸ்கட்டோ கசிகிறது. சின்னச் செலவு, விலை பேச நல்ல காரணம்.

பிளக் நம்பரைப் படிக்கிறார்களா? இல்லை. தவறான ஹீட் ரேஞ்ச் (பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை இறக்கும் என்ற அளவு) உள்ள பிளக் போட்டிருந்தால் நீங்கள் பார்க்கும் நிறமே பொய். என்ஜிகே, டென்ஸோவில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக் (சூட்டை வேகமாக இறக்குவது), போஷில் நேர்மாறு. வண்டியின் புத்தகத்தில் உள்ள நம்பரோடு ஒத்துப் பாருங்கள். நான்கும் புத்தம் புதிதாக இருந்தால் படிக்க ஒன்றுமில்லை. விற்கிறவர் நேற்றுதான் மாற்றியிருப்பார். பழைய பிளக்கைக் கேளுங்கள், ‘தூரப் போட்டாச்சு’ என்றால் அதையும் கணக்கில் வையுங்கள்.

மணலடிக்கிற மெஷினில் கிளீன் பண்ணித் தருகிறோம் என்பார்கள். மறுத்துவிடுங்கள். பீங்கானுக்கும் உடம்புக்கும் இடையில் சிக்கும் மணல் பிறகு சிலிண்டரில்தான் விழும். இரிடியம் பிளக்கில் நடு எலக்ட்ரோடு பெரும்பாலும் 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான், கம்பி பிரஷ்கூட ஆகாது.

திரும்ப மாட்டும்போது டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லை, கை அளவுதான். அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் மரைக்கு 25–30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15–20. ரெஞ்ச் இல்லாத இடத்தில், வாஷர் உள்ள புது 14 மில்லிமீட்டர் பிளக்கை விரலால் முட்டும்வரை திருகி, அப்புறம் அரை முதல் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக முறுக்கலாம். கழற்றிய பிளக்கையே மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், கடிகாரத்தில் ஒரு மணிக்கான இடைவெளி திரும்பினால் போதும். இங்கே பழையதற்கும் அரைச்சுற்று முறுக்குகிறார்கள். மரை போனால் ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடலாம்.

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கேஜில் அளக்கும் கம்ப்ரஷன் சோதனை பட்டியலில் இல்லை, கேட்டால்தான். நான்கு பிளக்கும் வெளியே இருக்கும்போது கூடுதல் வேலை சிறிதுதான். ஃப்யூல் பம்ப் ஃபியூஸை எடுத்து, காயில் கனெக்டர்களைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றணும். சிலிண்டர்களுக்குள் 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. கேஜ் அங்கே சுவரில்தான் தொங்குகிறது. எடுக்கச் சொல்லுங்கள்.