பத்துச் சேலையா, பத்தொன்பது பாட்டிலா? பிள்ளைகளோடு செய்த இருக்கைகள்

எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே மூன்றடிக்கு மூன்றடி இடம் சும்மா கிடந்தது. மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. கதைப் புத்தகத்தை எடுத்தால் இரண்டு பேரும் அங்கேதான் வெறும் டைல்ஸ் தரையில் குப்புறப் படுப்பார்கள். கடையில் ஒரு மோடா வாங்கிப் போட்டிருக்கலாம். கோடை விடுமுறை முழுக்க முன்னால் நின்றதால், வீட்டில் இருப்பதை வைத்தே செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். ஒன்று சரியாக வராமல் இன்னொன்று என்று நான்கு வகை ஆயிற்று. இப்போது ஆறு மாதம் புழங்கிய பிறகு எழுதுகிறேன்.

நான் பார்த்தது இரண்டே விஷயம். வேலை பிள்ளைகள் கையில் இருந்ததா, என் கையில் இருந்ததா? செய்த பரபரப்பு அடங்கிய பிறகும் அதில் போய் உட்கார்ந்தார்களா?

முதலில் அட்டைப்பெட்டி. ஃபிரிட்ஜ் வந்த பெட்டி பரணில் இருந்தது. அட்டையை லேசாக நினைக்க வேண்டாம். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி 1972-இல் அட்டை அடுக்குகளைக் கொண்டே நெளிநெளியாக ஒரு நாற்காலி செய்தார். அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. அட்டையின் பலமெல்லாம் உள்ளே இருக்கும் நெளிவரிசையில்தான். அந்த நெளிகள் நெட்டுக்குத்தாக நின்றால் பாரம் தாங்கும், படுக்கைவாக்கில் இருந்தால் மடங்கிவிடும். ஒரு துண்டு அட்டையை இரண்டு விதமாகவும் நிறுத்தி மேலே அகராதியை வைத்துக் காட்டினேன். அது மடங்கிய நொடியில் மூத்தவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த ஐந்து நிமிடம் அருமை. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கட்டர் கத்தி என் கையில், பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதைச் சொல்லலாம். ஈரத்தில் அட்டை தொய்ந்துவிடும், தரைத்தள வீடென்றால் கரையானுக்கும் பயப்பட வேண்டும்.

அடுத்தது பாட்டில் மோடா. ஒரே அளவுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை நெருக்கமாக நிறுத்தி, பிரவுன் டேப்பால் இறுக்கிச் சுற்றி, மேலும் கீழும் வட்ட அட்டை ஒட்டி, மேலே பழைய தலையணைப் பஞ்சு வைத்து உறை போடுவது. உயரம் கிட்டத்தட்ட ஓர் அடி வருகிறது. நாலிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைக்குக் கால் தரையில் படும் உயரம் அதுதான். நடுவில் ஒன்று வைத்தால் சுற்றி ஆறு கச்சிதமாக உட்காரும், அதைச் சுற்றிப் பன்னிரண்டு. ஆக 1, 7, 19. தேன்கூட்டின் கணக்கு இது. சின்னவன் எண்ணி எண்ணி அடுக்கியபோது பன்னிரண்டாவது பாட்டில் மிச்சமிருந்த இடைவெளியில் சரியாகப் போய் விழுந்தது. "அம்மா, அதுக்குன்னே எடம் விட்டிருக்கு பாரு!" என்றான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, யாரும் முதலில் சொல்வதில்லை. பாரத்தைத் தாங்குவது பிளாஸ்டிக் மட்டுமில்லை, உள்ளே அடைபட்ட காற்றும்தான். மூடி தளர்ந்தால் பாட்டில் நசுங்கும். நாங்கள் முதல் முறை உச்சிவெயில் நேரத்தில் மூடிகளைத் திருகினோம். ராத்திரி சூடு இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, விடியற்காலை பார்த்தால் பாதி பாட்டில்களுக்கு இடுப்பு ஒடுங்கியிருந்தது. பிரித்து, மறுநாள் காலை ஆறு மணிக் குளிர்ச்சியில் திறந்து மூடினோம். அதன் பிறகு ஒடுங்கவில்லை. எடையும் ஒரு கிலோவுக்குள்தான் என்பதால் சின்னவனே அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போகிறான். குறை என்றால் சத்தம். அசையும்போதெல்லாம் கறமுற என்கிறது. சாய்ந்து சுருண்டு படிக்கவும் முடியாது. எழுத, வரைய, சாப்பிட நல்ல இருக்கை. கதகதப்பு அதில் இல்லை.

மெத்தென்று வேண்டுமென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பீன் பேக். 1968-இல் இத்தாலியில் மூன்று வடிவமைப்பாளர்கள் உருவாக்கியது. பாலிஸ்டைரீன் மணிகளை நிரப்பிய பை. அந்த மணிகளை வாங்கி வீட்டிலேயே உறை தைத்துக்கொள்ளலாமே என்று என்னிடமும் சொன்னார்கள். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் தயவுசெய்து வேண்டாம். ஜிப்பைத் திறந்து உள்ளே புகுந்த குழந்தைகள் மணிகளை மூச்சோடு இழுத்து இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்காகவே பிள்ளைகளால் திறக்க முடியாத ஜிப் வேண்டும் என்று தரவிதி கொண்டுவந்தார்கள். வீட்டில் தைக்கும் உறையில் அந்தப் பாதுகாப்பு வராது.

அதற்கு நம்மூர் மாற்று இலவம் பஞ்சு. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் இதற்குப் பேர்போன ஊர். இலவு காத்த கிளி கதையைச் சொல்லிக்கொண்டே ஒரு பழைய தலையணையைப் பிரித்தோம். இழை உள்ளே குழலாக, காற்று நிறைந்து இருப்பதால் லேசு, உட்கார்ந்தால் சுகம். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரும் சீக்கிரம் ஏறாது. ஒரு காலத்தில் கடலில் போகிறவர்களின் மிதவை அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஒன்றரை அடித் திண்டுக்கு ஒன்றரை கிலோ போதும். ஆனால் பிள்ளைகளோடு செய்கிற வேலையா என்றால், இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தும் பஞ்சு தலையிலும் மூக்கிலும் ஏறியது. சின்னவன் ஒன்பது தும்மல் தும்மினான். வீசிங் உள்ள பிள்ளையை அந்த அறைப்பக்கமே விடக்கூடாது. நாளாக நாளாகப் பஞ்சு அமுங்கிக் கட்டி தட்டும், வெயிலில் போட்டால் மறுபடி உப்பும். எனக்குத் திண்டாக அது பிடித்திருக்கிறது. பிள்ளைகளின் பங்கு அதில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

டயரில் கயிறு சுற்றும் மோடாவைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை: இரண்டடி டயருக்கு 8 மில்லிமீட்டர் கயிறு எண்பது மீட்டருக்கு மேல் வேண்டும். ரப்பர் வாசனையும் போவதில்லை. நான் அதைத் தொடவில்லை.

இனி, எங்கள் வீட்டில் ஜெயித்தது. சேலைச் சுருள்.

பழைய துணியைப் பந்துபந்தாகத் திணித்தால் இரண்டே நாளில் திண்டு மேடும் பள்ளமுமாகிவிடும். அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். திணிக்காமல் சுற்ற வேண்டும். சேலையின் அகலத்தை ஆறாக மடித்தால் எட்டு அங்குலத்துக்குப் பட்டை கிடைக்கும், நீளம் ஐந்தரை மீட்டர். ஒரு முனையிலிருந்து பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டிக்கொண்டே போய், முடியும் இடத்தில் அடுத்த சேலையின் முனையை ஒரு சாண் உள்ளே செருகித் தொடர வேண்டும். பத்துச் சேலையில் ஒன்றேகால் அடி விட்டத்துக்குச் சுருள் வந்துவிடும், எடை நாலரை கிலோ. நிமிர்த்தி வைத்தால் அதுவே ஆசனம். வழுக்கும் சிந்தெடிக் சேலைகள் நடுவில் போகட்டும், வெளிச்சுற்றுக்குப் பருத்திதான் பிடிப்பு கொடுக்கும்.

இதில் என் கைக்கு வேலையே இல்லை. கூடத்தின் ஒரு கோடியில் மூத்தவள் சுருட்டினாள். மறுகோடியில் சின்னவன் சேலை முனையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தான். சுருள் நெருங்க நெருங்க அவன் டைல்ஸில் வழுக்கிக்கொண்டே அவளிடம் வந்து சேர்ந்தான். அடுத்த சேலை, மறுபடி கோடிக்கு ஓட்டம். எந்தச் சேலைக்குப் பின் எந்தச் சேலை என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள்.

முதல் சுருள் சொதப்பியது. இழுவை தளர்ந்த இடத்தில் நடுப்பகுதி கூம்பாக வெளியே பிதுங்கிவிட்டது. இரண்டாவது முறை ஒவ்வொரு சேலை முடிந்ததும் தரையில் நிமிர்த்தித் தட்டிச் சமன் செய்தோம். கடைசியில் ஒரு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கோணி ஊசியால் குறுக்கே நாலு தையல் போட்டேன். ஊசி வேலை பெரியவர்களுடையது.

உறைக்குத் துணி தேடி அலைய வேண்டாம். பழைய உள்பாவாடை ஒன்று போதும். ஏற்கெனவே குழாய், ஒரு பக்கம் நாடாவும் இருக்கிறது. கீழ்விளிம்பு வழியாகச் சுருளை உள்ளே விட்டு, அந்த விளிம்பிலும் ஒரு நாடா கோத்தால் இரண்டு பக்கமும் சுருக்குப் பை. இழுத்து முடிவது பிள்ளைகளின் வேலை. மிச்ச நாடாவை உள்ளே செருகிவிட வேண்டும், தொங்க விடக்கூடாது. அதே சேலையைக் கொக்கியில் தொங்கவிட்டு ஊஞ்சலாக்கவும் பிள்ளைகள் கேட்பார்கள். கழுத்தில் சுற்றி இறுகி உயிர் போன செய்தி நம் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. கனம், சின்னவனால் உருட்டத்தான் முடியும். கோடையில் உட்கார்ந்த இடம் வியர்க்கும். உயரம் எட்டு அங்குலம்தான் என்பதால் எழுதுவதற்கு உதவாது, அதற்குப் பாட்டில் மோடா இன்னும் இருக்கிறது. பத்துச் சேலை ஒதுக்க முடியாத வீட்டில் வேட்டி, கைலி, நைந்த பெட்ஷீட் எதுவும் ஆகும், பட்டையின் அகலம் மட்டும் ஒரே அளவாக இருக்கட்டும்.

ஆனால் ஜன்னலடியில் இன்றைக்கும் புத்தகத்தோடு உட்காருவது அதில்தான். போன மாதம் பால் கொட்டிவிட்டது. முழுக்கப் பிரித்து, துவைத்து, மொட்டைமாடியில் காயப் போட்டோம். சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தபோதே கூடத்தில் ஓட்டச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மூன்றாவது சேலை பாதி சுற்றியாகியிருந்தது.