ஏழரை மணிப் பேருந்தும் 'ஓசி' என்ற சொல்லும்

லண்டனில் குடியேறிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இடையில் ஊருக்கு வந்தவை எல்லாம் கல்யாணத்துக்கும் கருமாதிக்குமாக ஐந்து நாள், பத்து நாள் என்று வந்து, வாடகைக் காரிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிய பயணங்கள். 2024 ஆடியில், பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி நான்கு வாரம் காவிரிப் படுகையில் உள்ள எங்கள் கிராமத்தில் அத்தை வீட்டில் தங்கினேன். ஜூலை 28 அன்று மேட்டூர் அணையைத் திறந்துவிட்டதால் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் தண்ணீர் இருந்தது. ஊரே அந்த மகிழ்ச்சியில் இருந்தது. கார் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. டவுனுக்குப் போவது, வங்கிக்குப் போவது, அத்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என எல்லாவற்றுக்கும் டவுன் பஸ்தான். அந்தப் பேருந்தைப் பற்றியும், அதில் போகிறவர்களைப் பற்றி நம் அரசியல்வாதிகளும் செய்தித்தாள்களும் பேசுகிற பேச்சைப் பற்றியும் எழுதியே ஆகவேண்டும் என்று அங்கிருக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்.

வெளிநாட்டில் இருக்கும் நமக்கு ஊர் என்பது பெரும்பாலும் கைப்பேசியில் வந்து விழும் செய்திதான். 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்றதும் கையெழுத்திட்ட முதல் கோப்புகளுள் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பது. மறுநாளே நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டம், பின்னர் திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடைய துணையாளர்களுக்கும் விரிந்தது. ஆனால் அதைப் பற்றி என் காதுக்கு உரக்க வந்து சேர்ந்த செய்தி வேறு. 2022 செப்டம்பரில், அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, மேடையில் நின்றுகொண்டு, பெண்கள் பேருந்தில் 'ஓசி'யில் போவதாகச் சொன்னார். அதைத் தொடர்ந்து, ஓசிப் பயணம் வேண்டாம் என்று கோவையில் ஒரு மூதாட்டி நடத்துநரிடம் காசை நீட்டிய காணொளி பரவியது. அந்தக் காணொளியை எடுத்தவர்கள் எந்தக் கட்சிக்காரர்கள் என்று அடுத்த சண்டை தொடங்கியது. மறுமாதம் திமுக பொதுக்குழுவில் முதல்வரே, நம்மவர்கள் புதிதாக எந்தச் சிக்கலையும் உண்டாக்கியிருக்கக் கூடாதே என்ற கவலையோடுதான் தினமும் கண்விழிப்பதாகச் சொல்லும்படி ஆயிற்று. எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அது ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சுற்றிவந்தது. பேருந்து நேரத்துக்கு வருகிறதா, வந்தால் நிற்கிறதா என்று, என்னையும் சேர்த்து, ஒருவரும் கேட்கவில்லை.

ஓசி என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாது என்றும், அவற்றின்மேல் குத்திய ஓ.சி.எஸ். (On Company's Service, அதாவது கம்பெனிப் பணி) என்ற முத்திரையிலிருந்து இந்தச் சொல் வந்தது என்றும் அந்தக் கதை போகும். அப்படிப் பார்த்தால் ஓசி என்பது ஆள்கிறவர்கள் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட சலுகை. இன்றைக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் கிடையாது. அந்தச் சலுகையை ஓசி என்று சொல்ல எந்த மேடையிலும் ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. கீரைக் கட்டோடு ஏறும் பெண்ணைப் பார்த்ததும் மட்டும் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று நான் உண்மையாகவே கோபத்தோடு கேட்கிறேன்.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை இருக்கிறது. எதிரே ஒரு டீக்கடை. காலை ஏழரை மணி வண்டிக்கு அங்கே நிற்பவர்கள் அநேகமாகப் பெண்கள்தான்: டவுனில் ஜவுளிக்கடையில் நிற்கும் இரண்டு பெண்கள், தனியார் மருத்துவமனையில் ஆயாவாக வேலை செய்யும் ஒருவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் நான்கைந்து பேர், கீரையும் வாழைப்பூவும் கூடையில் அடுக்கிக்கொண்டு உழவர் சந்தைக்குப் போகும் ஓர் அக்கா. முதல் நாள் நான் அவர்களோடு நின்றேன். வண்டி வளைவில் திரும்பியதும் எல்லோரும் கை காட்டினோம். முன்கண்ணாடி வழியே ஓட்டுநர் எங்களைப் பார்த்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே இடமும் இருந்தது. ஆனால் வண்டி வேகம் குறையாமல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போய்விட்டது. ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. அடுத்த வண்டி எட்டு இருபதுக்கு என்று சொல்லிவிட்டு, ஜவுளிக்கடைப் பெண்களில் ஒருத்தி கைப்பேசியை எடுத்து, "சார், வண்டி நிக்கலை சார்" என்று மேலாளரிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். ஒன்பது மணிக்குள் கடைக்குள் இல்லாவிட்டால் அரை நாள் சம்பளம் பிடித்துவிடுவார்களாம்.

இரண்டாம் நாள் கண்டதை நான் மறக்கப்போவதில்லை. தூரத்தில் ஹாரன் சத்தம் கேட்டதும் கீரைக்கார அக்கா டீக்கடைப் பக்கம் திரும்பி, "அண்ணே, வண்டி வருது" என்று குரல் கொடுத்தார். கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டோடு சாலையோரத்துக்கு வந்து கையை நீட்டினார். பெண்கள் எல்லோரும் நிழற்குடைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்கள். வண்டி நின்றது. கடைக்காரர் விலகிக்கொள்ள, பெண்கள் ஓடிவந்து கூடையும் டிபன் பையுமாக ஏறினார்கள். படியில் கால் வைத்தபடி அந்த அக்கா என்னிடம் சொன்னார்: "ஆம்பளை கை காட்டினாத்தான் நிக்கும்மா. மூணு வருஷமா அண்ணன்தான் எங்களுக்கு நிறுத்திக் குடுக்குறாரு." தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நான் தங்கியிருந்த நாட்களிலேயே தவறாமல் நிறுத்தி, வயதானவர்கள் ஏறும்வரை காத்திருந்து எடுத்த ஓட்டுநர்களும் உண்டு. ஆனாலும் பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் போகிறது என்ற புகார் திட்டம் தொடங்கிய நாளிலிருந்தே கேட்கிறது. மேடையில் விழுந்த சொல்லும் சாலையில் நிற்காத வண்டியும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே என் எண்ணம். காசு கொடுக்காதவள் பயணி அல்லள் என்று மேலே ஒருவர் நினைத்தால், அந்த நினைப்பு கீழே பிரேக்கில் இருக்கும் காலுக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது.

உள்ளே ஏறியதும் நடத்துநரிடம் காசை நீட்டினேன். பவுண்டில் சம்பாதிக்கும் எனக்குக் கட்டணமில்லாப் பயணம் முறையல்ல என்று தோன்றியது. அவர் வாங்கவில்லை. "பொம்பளைங்கன்னா இந்த டிக்கெட்தாம்மா, ஊரு பேரெல்லாம் கேக்க மாட்டோம்" என்று பூச்சிய ரூபாய்ச் சீட்டை அடித்துக் கொடுத்தார். அது உண்மைதான். கர்நாடகத்தில் இதேபோலப் பெண்களுக்காக 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் அந்த மாநிலத்தவர் என்பதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். இங்கே அப்படி எதுவும் கேட்பதில்லை. தகுதியை நிரூபிக்கச் சொல்லாததுதான் இந்தத் திட்டத்தின் பெருமை என்று இப்போது நினைக்கிறேன். கீரைக்கார அக்கா முன்பெல்லாம் போக வர ஒரு நாளைக்கு 24 ரூபாய் கொடுத்திருக்கிறார். மழை நாளில் விற்பனை குறைந்தால் அந்த 24 ரூபாய்க்காகவே போகாமல் இருந்துவிடுவாராம். இப்போது போகிறார். மிச்சமாகும் காசில் மகளுக்குத் தட்டச்சு வகுப்புக் கட்டணம் கட்டுவதாகச் சொன்னார். மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, இத்திட்டத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகக் கணக்கிட்டிருக்கிறது. அந்த எண்ணின் பொருளை ஒரு கூடையின் கணக்கே எனக்குக் காட்டிவிட்டது.

நான் வாழும் லண்டனில் 60 வயதைக் கடந்த குடியிருப்பாளர்கள் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் கட்டணமின்றிப் போகலாம். காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லை. மற்றவர்கள் 2024-இல் ஒரு பேருந்துப் பயணத்துக்கு 1.75 பவுண்டு கொடுத்தோம். கட்டணமில்லா அட்டையைத் தட்டிவிட்டு ஏறும் பாட்டியை ஓட்டுநர் குறைத்துப் பேசி இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவருக்காக வண்டியைச் சாய்த்து, படியைத் தாழ்த்தி, அவர் உட்கார்ந்த பிறகே எடுப்பார்கள்.

ஓட்டுநர், நடத்துநர்களைக் குறைசொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. டவுன் நிலையத்தில் ஒருநாள் வண்டி புறப்படக் காத்திருந்தபோது ஒரு நடத்துநர் தன் இருக்கையைத் தொட்டுக் காட்டினார். அடியில் இரும்புக் கம்பி துருப்பிடித்து, கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தது. "திருச்சியில நடந்தது தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும். 2024 ஏப்ரலில் திருச்சியில் ஓடிக்கொண்டிருந்த பேருந்து ஒரு வளைவில் திரும்பியபோது நடத்துநர் தாம் உட்கார்ந்திருந்த இருக்கையோடு சாலையில் போய் விழுந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிப்ரவரியில், சென்னை அமைந்தகரையில் பேருந்தின் தரைப்பலகை பெயர்ந்து, ஒரு பெண் பயணி அந்த ஓட்டை வழியே சாலையில் விழுந்தார். இரண்டு செய்திகளும் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. அவற்றையும் சிரிக்கும் பொம்மைகளோடுதான் எனக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும், ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய அகவிலைப்படியைத் தர வேண்டும் என்று போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பண்டிகையைக் கெடுக்கிறார்கள் என்ற வசைதான் முதலில் வந்தது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் மகளிர் பயணத்துக்காக 3,050 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தப் பணம் பெண்களின் பயணச்சீட்டுக்கு உரிய பணம். அவர்கள் கட்டணத்தை அரசு கட்டுகிறது. ஆகவே அவர்கள் ஒவ்வொருவரும் கட்டணம் கட்டிய பயணிதான் என்பதை ஒவ்வொரு பணிமனையிலும் எழுதி ஒட்ட வேண்டும்.

ஊர்த் தொடக்கப் பள்ளியில் காலை உணவையும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் மாநிலம் முழுமைக்குமான திட்டமாக விரிந்தது. அது விரிந்த ஒரு வாரத்துக்குள், பிள்ளைகள் இரண்டு வேளை சாப்பிடுவதால் பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறது என்று ஒரு நாளிதழ் தன் பதிப்பில் தலைப்புப் போட்டது. அந்தத் தலைப்பை எழுதிய கையை நினைத்துக்கொண்டேதான் நான் அந்தப் பிள்ளைகளின் எதிரே உட்கார்ந்திருந்தேன். ரவா கிச்சடியும் சாம்பாரும். சமைத்தவர் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர். அவருடைய பேத்தியும் அந்த வரிசையில் இருந்தாள். ஒரு சிறுவன் தட்டை வழித்து முடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கேட்கத் தயங்கித் தயங்கி நின்றான். அவர் கேட்காமலேயே போட்டார். அதற்கு மேல் எனக்கு அங்கே எழுத ஒன்றும் இல்லை.

இந்த ஏளனம் ஒரு கட்சிக்கோ ஒரு மாநிலத்துக்கோ உரியதும் அல்ல. 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் விரைவுச்சாலை திறப்பு விழாவில் பிரதமர் மோடி, இலவசங்களை வாக்குக்காக வழங்கும் 'ரேவடி' மிட்டாய் என்று கண்டித்தார். இரண்டு ஆண்டு கழித்து, சட்டமன்றத் தேர்தல் நெருங்கியபோது, அவருடைய கட்சி பங்கேற்கும் மகாராஷ்டிர அரசே பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் என்று அறிவித்தது. அந்தப் பெண்களுக்கு அது கிடைக்கட்டும்; நன்றாகவே கிடைக்கட்டும். எதிர்க்கட்சி கொடுத்தால் மிட்டாய், நாம் கொடுத்தால் நலத்திட்டம் என்று பேசுவதைத்தான் நிறுத்த வேண்டும். நான் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அதே ஜூலை 29 அன்று, பிரிட்டனில் புதிதாக வந்த தொழிற்கட்சி அரசு, முதியோருக்கான குளிர்கால எரிபொருள் உதவித்தொகையைப் பெரும்பாலோரிடமிருந்து பறிப்பதாக அறிவித்தது. எங்கள் தெருவில் தனியாக வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஹீட்டரை இனி எந்த அறையில் மட்டும் போடுவது என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அங்கேயும் வாங்குறவங்களைத்தான் முறைக்கிறாங்களா?" என்று கேட்டார்.

ஆடிப்பெருக்கு கழிந்த வாரத்தில், ஊராட்சிகளுக்கான 'மக்களுடன் முதல்வர்' முகாம் பக்கத்து ஊருக்கு வந்தது. ஏழரை மணி வண்டி நிற்காதது பற்றி மனு கொடுக்கலாம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்பே கீரைக்கார அக்காவும் ஆயாவும் தேதிவாரியாக ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார்கள்: இரண்டு மாதத்தில் 19 நாள் வண்டி நிற்கவில்லை. மனுவை நான் எழுதினேன். "எங்கள் ஊர் வழியாகச் செல்லும் மகளிர் இலவசப் பேருந்து" என்று தொடங்கியிருந்தேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, இலவசம் என்ற சொல்லையும் மகளிர் என்ற சொல்லையும் பேனாவால் அடித்தார். "எங்கள் ஊர்ப் பேருந்து" என்று மட்டும் இருந்தால் போதும் என்றார். 23 பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். டீக்கடைக்காரரும் கடைசியில் தம் பெயரை எழுதினார். முகாமில் மனுவை வாங்கிக் கணினியில் பதிந்து எண் போட்ட சீட்டைக் கொடுத்த இளைஞர், முப்பது நாளில் பதில் வரும் என்று மரியாதையாகவே சொன்னார். அந்தச் சீட்டு கீரைக்கார அக்காவின் சுருக்குப் பையில் இருக்கிறது. நான் இதை எழுதும்போது முப்பதாம் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.