ஆறு சக்கைக் காலமும் ஒரு பொய்க் குமிழும்

பழுது பார்த்துக் கொண்டுவந்த ஓவனை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தபோது மைனி (அண்ணி) வந்தார். "விலை குறைந்திருக்கிறதாமே, இதே ஓவனை நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் பதில் சொல்ல முடிந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் வீடு. விளையில் (தோட்டத்தில்) இரண்டு மூடு கூழன் சக்கை, அதாவது சுளை குழைந்திருக்கும் பலா. சுளை கெட்டியான வருக்கை என்றால் அறுத்த இடத்திலேயே தீர்ந்துவிடும். கூழனை யாரும் சீந்துவதில்லை. விழுந்து உடைந்தால் மாட்டுக்குப் போகும். இந்த ஓவன் அந்தக் கூழனுக்கு மரியாதை தேடித் தந்தது. சுளையை அரிப்பில் (சல்லடையில்) தேய்த்தால் நார் மேலேயும் கூழ் கீழேயும் நிற்கும். அந்தக் கூழை உருளியில் கிண்டித் தண்ணீரை வற்றவைக்க வேண்டும். இல்லையென்றால் கேக்கின் அடி களியாகிவிடும். சுக்கு, ஏலம், வெண்ணெய்க்குப் பதிலாக வீட்டுத் தேங்காயெண்ணெய், சீனி பாதி. வேகும்போது எழும் மணம் ரோட்டில் போகிறவரை நிற்க வைக்கும். தெரளி இலையில் அவித்த சக்கை அப்பத்தைத் தவிர வேறொன்றையும் ஒத்துக்கொள்ளாத அத்தை, இரண்டாவது துண்டு கேட்டதும் இதற்குத்தான்.

எல்லாப் பழமும் ஓவனுக்கு ஆகாது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டி வாழைப்பழத்தின் மணம் சூட்டில் செத்துப்போகிறது. உரித்துத் தின்பதே அதற்கு அழகு. தோல் கறுத்த ஏத்தன் (நேந்திரன்) பழம் நன்றாக நிற்கும். செங்கவருக்கை மாம்பழத்தை ஓவனில் வைப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

இனி ஓவனின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழ். 180 என்று திருப்பினால் உள்ளே 205. இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு வெப்பமானி வாங்க வேண்டியிருந்தது! பழச் சர்க்கரை சீனியைவிடச் சீக்கிரம் சிவக்கும். ஆகவே மேலே கருகி, நடுவே மாவாகவே இருந்த மூன்று கேக்குகள் முதல் வருடம் கோழிக்குப் போயின. பிறகு நகச் சாயத்தால் குமிழைச் சுற்றிப் புள்ளி வைத்தேன். சிவப்பு கூழனுக்கு, இளஞ்சிவப்பு ஏத்தனுக்கு. திட்டிக்கொண்டேதான், ஆனாலும் ஐந்து வருடம் ஒரு கேக்கும் தவறவில்லை.

இந்த வருடம் சூடு நிற்காமல் ஏறியது. உள்ளே இரட்டை உலோகத் தகடு ஒன்று சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்; அது சோர்ந்துவிட்டதாம். 650 ரூபாய்க்கு மாற்றித் தந்தார்கள். இப்போது 180 என்றால் 180தான். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் பழக்க தோஷத்தில் சிவப்புப் புள்ளியில் வைத்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் குச்சியில் மாவு ஒட்டியது. ஆனி மழையில் நீர்கோத்துப்போகாமல் தப்பிய கடைசிக் கூழன் அது.

மைனியிடம் சொன்னேன்: வாங்க வேண்டாம். ஒழுங்கான குமிழ் வைக்கத் தெரியாதவனுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

"அப்படியானால் உன்னுடையதைப் பாதி விலைக்குக் கொடுத்துவிடு" என்கிறார்.

தர மாட்டேன். ஏத்தன் குலை ஒன்று பழுத்துக் கிடக்கிறது. இளஞ்சிவப்புப் புள்ளியை அழித்துவிட்டு வேறு இடத்தில் வைக்க வேண்டும்.